வட்டுக்கோட்டை முதல் யாழ்நூல் வரை: ஒரே வகுப்பறையில் இலக்கியமும் அறிவியலும்

முன்னுரை

இன்றைய பள்ளிகளில் இலக்கியமும் அறிவியலும் தனித்தனி ஆசிரியர், தனித்தனிப் பாடவேளை, தனித்தனித் தேர்வுத்தாள் எனப் பிரிந்து நிற்கின்றன. மேல்நிலை வகுப்பை எட்டும்போது பிரிவு இன்னும் கூர்மையாகிறது. அறிவியல் பிரிவில் சேரும் மாணவருக்குத் தமிழ், மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் பாடமாகச் சுருங்குகிறது. கலைப் பிரிவில் சேர்ந்தவர் அளவுகோலையும் சோதனைக்குழாயையும் மீண்டும் தொடுவதே இல்லை. இவ்வாறு பிரித்துப் படிப்பது இயல்பானது என்றும், எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் பலர் கருதுகின்றனர்.

தமிழ்க் கல்வியின் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இயங்கிய ஒரு கல்விக்கூடத்தில் தமிழ் இலக்கணமும் வானியலும், வடமொழியும் வேதியியலும் ஒரே மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அதற்கு முன்பிருந்த திண்ணைப் பள்ளிகளில் கணக்கும் மருத்துவமும் சோதிடமும் செய்யுள் வடிவிலேயே பயிலப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் சிலப்பதிகாரத்தைக் கணிதத்தின் துணையோடு படித்து, மறைந்துபோன இசைக்கருவிகளை ஆராய்ந்தார். இம்மூன்று கட்டங்களையும் தொடர்ச்சியாகப் பார்த்தால், இரு துறைகளும் எப்போது ஒன்றையொன்று வளர்த்தன, எப்போது வெறுமனே அருகருகே கிடந்தன என்பது தெளிவாகும். அந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்யுளுக்குள் இருந்த அறிவியல்

அச்சு பரவுவதற்கு முன் நூல்கள் ஏட்டில் இருந்தன. ஏடு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் நெடுங்காலம் நிற்கவில்லை. எனவே அறிவு மனப்பாடத்தின் வழியாகவே தலைமுறை தாண்டியது. மனப்பாடத்துக்கு ஏற்ற வடிவம் செய்யுள். திண்ணைப் பள்ளி மாணவர் நீதிநூல்களையும் நிகண்டையும் மனனம் செய்ததைப் போலவே எண்சுவடியையும் மனனம் செய்தனர்.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இம்மரபின் சிறந்த எடுத்துக்காட்டு. நிலஅளவு, பொன்அளவு, நெல்அளவு ஆகியவற்றோடு சுவையான புதிர்க்கணக்குகளும் அதில் உண்டு. பலாப்பழத்தை வெட்டாமலே அதிலுள்ள சுளைகளின் எண்ணிக்கையை அறிய ஒரு பாட்டு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அந்த எண்ணை 6ஆல் பெருக்கி 5ஆல் வகுக்க வேண்டும். 50 முட்கள் இருந்தால் சுளைகள் 60 என்பது அதன் விடை. பாட்டின் யாப்பு, நினைவுக்குத் துணை. பாட்டின் பொருள், ஒரு கணித விதி.

யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம் என்னும் மருத்துவ நூலும், செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலும் இவ்வாறே செய்யுளால் ஆனவை. அவற்றைப் படிக்க விரும்பிய ஒருவர் முதலில் செய்யுளைப் பிரித்துப் பொருள்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் கல்விக்குத் தமிழ்க் கல்வியே வாசலாக இருந்தது.

வானியலில் இந்த இணைப்பு இன்னும் நுட்பமானது. வாக்கிய முறையில் பஞ்சாங்கம் கணித்தவர்கள் எண்களைச் சொற்களாக்கி நினைவில் வைத்தனர். கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். பொருள் தரும் ஒரு சிறு வடமொழித் தொடரை எழுத்தெழுத்தாக வலமிருந்து இடமாக எண்ணாக்கினால் ஒரு கோளின் நிலை கிடைக்கும். சந்திரனின் இயக்கத்துக்கு வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் உள்ளன. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. அத்தகைய 9 சுற்றுகள் சேர்ந்தால் 248 நாள். நாளுக்கு ஒரு வாக்கியம் என அந்த அட்டவணை முழுவதும் நாவில் தங்கியது.

இம்முறையின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டும் பதிவு ஒன்று உண்டு. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், கால சங்கலிதம் என்னும் நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனனம் செய்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் விவரித்துள்ளார். எழுத்தோ ஏடோ இல்லாமல் செய்யப்பட்ட அக்கணக்கில் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம் மட்டுமே பிழைத்தது. நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தது. கணித்தவருக்கு எண்கள் துல்லியமாக நினைவிலிருந்தன. அந்த எண்கள் எப்படி வந்தன என்னும் கோட்பாடு தெரியவில்லை.

செய்யுள் அறிவியலைப் பாதுகாத்தது. ஆனால் பாதுகாக்கப்பட்டதை மாணவர் சோதித்துத் திருத்தும் பழக்கம் கல்வியில் இடம்பெறவில்லை. பலாச்சுளைக் கணக்கை மனனம் செய்த எத்தனை மாணவர் பழத்தை வெட்டி எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

வட்டுக்கோட்டைச் செமினரி

அமெரிக்க மிசன் என்று யாழ்ப்பாணத்தில் அழைக்கப்பட்ட சபையினர் 1816இல் அங்கு வந்து சேர்ந்தனர். தெல்லிப்பழையில் பள்ளி தொடங்கிய டானியல் பூவர், 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக்கூடத்தை அமைத்துத் தலைமை ஏற்றார். தமிழ் இளைஞர்களுக்கான கல்லூரி ஒன்றின் திட்டம் அதே ஆண்டு அச்சிட்டு வெளியிடப்பட்டது. கல்லூரிக்குரிய அரசு ஏற்பு கிடைக்காததால் அது செமினரி என்ற பெயரிலேயே வழங்கிற்று.

அத்திட்டம் ஆங்கிலத்தை முழுமையாகக் கற்பித்தல், தமிழ் இலக்கியத்தை வளர்த்தல், தேர்ந்த சிலருக்கு வடமொழி கற்பித்தல், ஐரோப்பிய அறிவியலின் அடிப்படைகளைக் கற்பித்தல் ஆகியவற்றை ஒரே நிறுவனத்தின் நோக்கங்களாக அறிவித்தது. புவியியல், வரலாறு, வடிவியல், முக்கோணவியல், இயற்கைத் தத்துவம் என அன்று அழைக்கப்பட்ட இயற்பியல், வானியல் ஆகியவை பாடத்திட்டத்தில் இருந்தன. காலையில் தமிழ் இலக்கணம் படித்த மாணவர் மாலையில் கோணங்களை அளந்தார் எனலாம்.

1848இல் இக்கல்விக்கூடத்தைப் பார்வையிட்ட இலங்கைக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், மாணவரின் அறிவுத்தரம் கண்டு வியந்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று தம் நூலில் எழுதினார்.

இப்பாராட்டுகளோடு சில எல்லைகளையும் சொல்ல வேண்டும். செமினரியின் இறுதி நோக்கம் சமயப் பணியாளரை உருவாக்குவதே. தமிழ் இலக்கியத்தைக் கற்பித்ததற்கு, ஊர்மக்களிடம் மதிப்போடு பேசவும் வாதிடவும் வல்லவர் தேவை என்பதும் ஒரு காரணம். இங்கே ஆண்கள் மட்டுமே பயின்றனர். பெண்களுக்கு 1824இல் உடுவிலில் தனிப் பள்ளி தொடங்கப்பட்ட போதிலும், வட்டுக்கோட்டையின் உயர் கணிதமும் வானியலும் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன.

1829ஆம் ஆண்டுக் கிரகணம்

இலக்கிய மரபும் புதிய அறிவியலும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சி 1829 மார்ச் மாதத்தில் நடந்தது. வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்னும் புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் வாழ்ந்தார். அவர் அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தில் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைக் குறித்திருந்தார். டானியல் பூவர் ஐரோப்பிய முறையில் கணித்து, அந்த நேரத்தில் பிழை உள்ளது என்று முன்கூட்டியே கூறினார். கிரகணம் வந்தது, பூவரின் கணக்கே பொருந்தியது.

செமினரியார் இதைப் பெருவெற்றியாகக் கொண்டாடினர். பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழைத்தது, புராணம் பிழைத்தால் சமயமும் பிழைத்தது என்று அவர்கள் வாதத்தை நீட்டினர். ஆனால் இந்த நீட்சி தருக்கத்துக்குப் பொருந்தாது. கிரகணம் நிழலால் ஏற்படுகிறது என்பதை ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விளக்கியிருந்தார். பாம்பு விழுங்குவதாகச் சொல்லும் புராணக் கதையும், நிழலைக் கணிக்கும் சித்தாந்த வானியலும் இந்திய மரபுக்குள்ளேயே இரு வேறு நீரோட்டங்கள். சாஸ்திரியாரின் கணக்கு நிழலைப் பற்றியது, பாம்பைப் பற்றியதன்று. நெடுங்காலம் திருத்தப்படாத அளவுகளால் நேரம் விலகுவது எந்தக் கணித முறையிலும் நிகழக்கூடியதே.

இந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒரு கூற்றை வானத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம் என்பதை ஊரே பார்த்தது. மற்றொன்று, அறிவியலை ஒரு மரபின்மேல் எறியும் கல்லாகப் பயன்படுத்தினால் அந்த மரபைச் சேர்ந்தவர் கல்லைத்தான் காண்பார். அறிவியலைக் காண மாட்டார். பிழை எங்கே நேர்ந்தது என்று சாஸ்திரியாரும் மாணவரும் பூவரும் ஒன்றாக அமர்ந்து தேடியிருந்தால் அது மிகச் சிறந்த வகுப்பாக இருந்திருக்கும். அன்றைய சமயப் போட்டியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

பழைய நூல் பாடநூலானது

பூவருக்குப் பின் 1836இல் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் சற்று வேறான வழியில் சென்றார். இந்திய வானியலைக் குறைகூறுவதற்கு முன் அதைப் படித்தறிய வேண்டும் என்ற முயற்சி அவரிடம் காணப்படுகிறது. கீழைத்தேய வானியலாளர் என்று பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்ட நூல் 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் அச்சகத்தில் அச்சானது. இந்து வானியல் முறையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கவுரைகளோடும் அந்நூல் தந்தது.

இத்தகைய நூலைப் படிக்கும் மாணவருக்கு என்ன தேவை என எண்ணிப் பார்க்க வேண்டும். பழந்தமிழ்ச் செய்யுளைப் பிரிக்கத் தெரிய வேண்டும். அதிலுள்ள கலைச்சொற்களை அறிய வேண்டும். கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். வந்த விடையைத் தற்கால முறையின் விடையோடு ஒப்பிட வேண்டும். தமிழாசிரியர் தனியாகவோ வானியல் ஆசிரியர் தனியாகவோ கற்பிக்க முடியாத நூல் அது. அதே ஹொய்சிங்டன் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேய ஆய்விதழில் வெளியிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மாணவர் எடுத்துச் சென்றவை

ஒரு கல்விமுறையை மதிப்பிட அதன் மாணவர் பிற்காலத்தில் செய்தவற்றைப் பார்ப்பது பயன் தரும். வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள் இரு துறைகளுக்கும் இடையே எளிதாகச் சென்று வந்தனர்.

கறல் விசுவநாதபிள்ளை கணித ஆசிரியர். தமிழில் வீசகணிதம் என்னும் இயற்கணித நூலை 1855இல் வெளியிட்டவர். அவரே தமிழ் அகராதிப் பணியிலும் சமய வாதங்களிலும் ஈடுபட்ட தமிழறிஞர். 1841இல் தொடங்கிய உதயதாரகை என்னும் இருமொழி இதழின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியைச் சேர்ந்தவர்களே. பின்னாளில் அவ்விதழை நடத்திய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழ்ப் புலவர் வரலாற்றைக் கூறும் பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்டார்.

எல்லாரிலும் பெரிய எடுத்துக்காட்டு சி. வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த அவர், சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கற்றுப் பின் வட்டுக்கோட்டையில் பயின்றார். 1857இல் தொடங்கப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் அவரும் கறல் விசுவநாதபிள்ளையுமே. தொல்காப்பியப் பகுதிகள், வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

ஏட்டுச்சுவடிப் பதிப்பு என்பது ஒருவகையில் அளவீட்டுப் பணி. ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். வேறுபடும் இடங்களை ஒப்பிட வேண்டும். எந்தப் பாடம் மூலத்துக்கு நெருக்கமானது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். சான்று இல்லாத இடத்தில் துணிபு கூறாமல் நிறுத்த வேண்டும். தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் எந்தெந்த ஊர்ப் பிரதிகளைப் பார்த்தார், அவை எந்நிலையில் இருந்தன என்பதை விரிவாகக் கூறுகிறார். இந்த ஒழுங்குக்கு மரபுவழித் தமிழ்க் கல்வி ஒரு காரணம். இளமையில் கற்ற கணிதமும் அறிவியலும் மற்றொரு காரணம் என்று கருத இடமுண்டு.

கிறீன்: சொல் தேடிய வகுப்பறை

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர் நல்ல சம்பளம் நாடி ஊரைவிட்டுச் செல்வதையும், கிராமத்து நோயாளிக்கு மருத்துவர் இல்லாமல் போவதையும் கண்ட அவர், 1864 முதல் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கினார்.

இம்முடிவு வகுப்பறையையே மாற்றியது. உடற்கூற்றியலைத் தமிழில் கற்பிக்க வேண்டுமானால் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் வேண்டும். கிறீனும் அவருடைய மாணவர்களும் பழந்தமிழ் மருத்துவ நூல்களிலும் பேச்சுவழக்கிலும் சொல் தேடினர். கிடைக்காத இடத்தில் வடமொழியை நாடினர். அங்கும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றினர். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கியது. அங்காதிபாதம் என்ற சொல்லோ பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகளை நினைவூட்டுகிறது. உடலை உறுப்புறுப்பாகப் பாடிய புலவர் மரபும், உடலை உறுப்புறுப்பாக அறுத்துக் கண்ட மருத்துவமும் ஒரே சொல்லமைப்பில் சந்திக்கின்றன.

அறிவியல் பாடத்தில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்க்குக் கிறீனின் வகுப்பு விடை தருகிறது. புதிய பொருளுக்குப் பெயரிடுபவர் அப்பொருளையும் அறிந்திருக்க வேண்டும். மொழியின் பழைய அடுக்குகளையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சொல் நிற்காது. கிறீனின் கலைச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. உடலியலுக்கு அவர் ஆண்ட சுகரணவாதம் என்ற சொல்லை இன்று புரிந்துகொள்பவர் அரியர். எனினும் உயர் அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலும் என்பதற்கு அவர் பயிற்றுவித்த மருத்துவர்களே சான்றாயினர்.

மூடலும் பிரிவும்

வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான குழு, செமினரியின் ஆங்கிலக் கல்வி மாணவரை அரசுப் பணிக்கே அனுப்புகிறது, சமயப் பணிக்கு உதவவில்லை என்று முடிவு செய்தது. 32 ஆண்டு இயங்கிய நிறுவனம் தன் வெற்றியாலேயே வீழ்ந்தது எனலாம். அதே வளாகத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

இடைப்பட்ட காலத்தில் கல்வியின் போக்கு மாறிவிட்டது. பல்கலைக்கழகத் தேர்வுகள் பாடத்திட்டத்தை நிர்ணயித்தன. அறிவியல் ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கப்பட்டது. தமிழ் ஒரு மொழிப்பாடமாக ஒதுங்கியது. அறிவியல் கற்றவர் தமிழில் சிந்திக்க வேண்டிய தேவை இல்லை. தமிழ் கற்றவர் அறிவியலை அறிய வேண்டிய தேவையும் இல்லை. இலங்கையில் மேல்வகுப்பு அறிவியலைத் தாய்மொழியில் கற்கும் நிலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலாயிற்று. பாடங்களைப் பிரித்த சுவரை எழுப்பியதில் தேர்வுக்கும் பயிற்றுமொழிக்கும் பெரும்பங்கு உண்டு.

விபுலாநந்தர்: சுவரைத் தாண்டியவர்

இப்பிரிவு நிலைத்துவிட்ட காலத்தில் அதைத் தாண்டியவர் விபுலாநந்த அடிகள். கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியலில் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டம் பெற்றார். பின் துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்துப் பள்ளிகளை நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

1947இல் வெளிவந்த யாழ்நூல் அவருடைய வாழ்நாள் ஆய்வு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனின் அமைதி கூறும் பகுதியும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் பலருக்கு விளங்காத இடங்களாக இருந்தன. நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் உயரத்துக்கும் உள்ள விகிதங்களை அறிந்த ஒருவருக்கே அவை திறந்தன. விபுலாநந்தர் இலக்கிய வரிகளைச் சான்றாகக் கொண்டு, இயற்பியலையும் கணிதத்தையும் கருவியாகக் கொண்டு, பழந்தமிழர் யாழ்களின் வடிவத்தையும் பண்ணமைப்பையும் ஆராய்ந்தார். அவருடைய முடிபுகள் சிலவற்றை இசையறிஞர் மறுத்துள்ளனர். மறுக்கத்தக்க வகையில் கணக்கோடு கூறியிருப்பதே அந்நூலின் சிறப்பு. எந்த எண்ணை ஏற்கவில்லை என்று சுட்டிக்காட்டி வாதிட அது இடம் தருகிறது.

இன்றைய வகுப்பறைக்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் எடுத்துக்கொள்ளத்தக்க வழிகள் சில உள்ளன. இவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை.

கணக்கதிகாரத்தின் பலாச்சுளைப் பாட்டைத் தமிழ் வகுப்பில் பொருளுணர்ந்து படிக்கலாம். பலாக்காலத்தில் 4 அல்லது 5 பழங்களைக் கொண்டுவந்து, முட்களை எண்ணி, விதிப்படி விடை கண்டு, பின் பழத்தை வெட்டிச் சுளைகளை எண்ணலாம். கணக்கிட்ட எண்ணையும் கண்ட எண்ணையும் அட்டவணையில் எழுதினால் பிழை, சராசரி, மாதிரி அளவு ஆகிய கருத்துகள் தாமே வந்துசேரும். விதி பொருந்தாவிட்டாலும் வகுப்பு தோற்பதில்லை. ஏன் பொருந்தவில்லை, எந்த வகைப் பலாவுக்குப் பொருந்தலாம் என்னும் கேள்விகள் அறிவியலின் தொடக்கம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை பாடமாக வரும்போது இயற்பியல் ஆசிரியரும் உடனிருக்கலாம். ஒரு பலகையில் 90 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி மீட்ட வேண்டும். 45 சென்டிமீட்டரில் தடுத்து மீட்டினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். 60 சென்டிமீட்டரில் தடுத்து நீண்ட பகுதியை மீட்டினால் ஐந்தாம் சுரம் ஒலிக்கும். முதல் ஒலியைக் குரல் என்று கொண்டால் இது இளி. அதுவரை பட்டியலாக மனனம் செய்த ஏழு பெயர்களில் இரண்டு, காதில் ஒலிக்கும் விகிதங்களாக மாறிவிடும்.

கிறீன் செய்தது போலக் கலைச்சொல்லை மாணவரே ஆராயலாம். உயிரியல் பாடநூலில் வரும் ஒரு சொல்லின் வேர் என்ன, பழைய நூல்களில் அது வேறு பொருளில் வழங்கியதா, அதைவிடப் பொருத்தமான சொல் ஊர்வழக்கில் உண்டா என்று தேடினால் மொழிப்பாடமும் உயிரியலும் ஒன்றையொன்று தெளிவாக்கும்.

இங்கே தவிர்க்க வேண்டிய இரு பழக்கங்களும் உண்டு. இன்றைய கண்டுபிடிப்புகள் அனைத்தும் நம் பழம்பாடல்களில் முன்பே உள்ளன என்று கூறி, சோதனைக்கு இடம் தராமல் பெருமையோடு நிறுத்திவிடுவது ஒன்று. பழம்பாடல்கள் வெறும் கற்பனை, அறிவியலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று ஒதுக்குவது மற்றொன்று. முதலாவது கணிதரின் எண்களை ஆராயாமல் மனனம் செய்வதைப் போன்றது. இரண்டாவது 1829இல் கிரகணத்தை வெற்றிக்கொடியாக்கியதைப் போன்றது. இரண்டிலும் மாணவர் தாமே பார்த்து அறியும் வாய்ப்பை இழக்கிறார்.

முடிவுரை

இலக்கியத்தையும் அறிவியலையும் ஒரே காலஅட்டவணையில் வைப்பதால் மட்டும் அவை இணைந்துவிடுவதில்லை. திண்ணைப் பள்ளியில் இரண்டும் ஒரே செய்யுளில் இருந்தும் சோதனை இல்லாததால் அறிவு தேங்கியது. வட்டுக்கோட்டையில் சோதனை வந்தது. சமயப் போட்டி அதன் பயனைக் குறைத்தது. ஹொய்சிங்டனின் நூலிலும் கிறீனின் வகுப்பிலும் விபுலாநந்தரின் ஆய்விலும் இரண்டும் உண்மையாகவே இணைந்தன. அந்த மூன்று இடங்களிலும் ஒரே கேள்வியை விடுவிக்க இரு துறைகளின் அறிவும் ஒருங்கே தேவைப்பட்டது. பழைய வானியல் நூல் என்ன சொல்கிறது, இந்த எலும்பைத் தமிழில் எப்படி அழைப்பது, சிலப்பதிகாரம் கூறும் யாழ் எப்படி ஒலித்தது என்பவையே அக்கேள்விகள். அத்தகைய கேள்வி ஒன்றை மாணவர் முன் வைக்கும் ஆசிரியருக்குத் தனிப் பாடநூலோ புதிய பாடத்திட்டமோ இல்லாமலே வகுப்பு நடக்கும். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரு பாடவேளை சேர்ந்து அமர்ந்தால் போதும்.